குரூப் எடுக்கும் மாதம்



மே மாதம் பிறந்தால் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் தபாலின் தோரணையே மாறிவிடும். மற்ற மாதங்களில் தொடர்கதையின் நாயகியை ஏன் இப்படி அழவைக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருபவர்கள், வற்றல் குழம்பில் வெந்தயத்தை எப்போது போடுவது என்று கேட்பவர்கள், எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள்: "பிள்ளை பத்து முடித்துவிட்டது, அடுத்து என்ன சேர்க்கலாம்?" தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். அத்தனை வீட்டிலும் இப்போது இதே பேச்சுதான். தாய்மாமா ஒன்று சொல்வார், சித்தப்பா ஒன்று சொல்வார், மாடி வீட்டு இன்ஜினியர் இரண்டுக்கும் தலையை ஆட்டிவிட்டு மூன்றாவதாக ஒன்று சொல்வார். படிக்கப் போகிற பிள்ளை மட்டும் மூலையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும்.

இந்த முறை வந்தவற்றில் இரண்டு கடிதங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

ஒன்று, நாமக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியது. "பையன் 318 மார்க். ஃபர்ஸ்ட் குரூப் கேட்டுப் போனோம். ஒகேஷனல் வேண்டுமானால் தருகிறேன், இல்லையென்றால் ஐடிஐயில் போட்டுவிடுங்கள் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களிடம் சொல்லக்கூட நாக்கூசுகிறது. நகையை வைத்தாவது பிரைவேட் ஸ்கூலில் ஃபர்ஸ்ட் குரூப் வாங்கிவிடலாமா, சார்?"

இன்னொன்று, அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி இன்லண்ட் லெட்டரில் எழுதியது. எடுத்த மார்க் 461. "எங்க அப்பா லேத் பட்டறையில் வேலை செய்கிறார். லீவு நாளில் சாப்பாடு கொண்டு போனால், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மிஷினைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர ஆசை. இவ்வளவு மார்க் எடுத்துட்டு எதுக்கு அங்க போறேன்னு அப்பாவே திட்டுகிறார். பொம்பளப் பிள்ளைக்கு இரும்பு எதுக்குன்னு அத்தை சொல்கிறது. நீங்கள் எழுதினால் அப்பா படிப்பார்."

இரண்டு வீட்டுக்கும் பெரிய தூரம் இல்லை. அங்கே மார்க் குறைந்ததால் பையனைப் பட்டறைக்குத் தள்ளுகிறார்கள். இங்கே மார்க் கூடியதால் பெண்ணைப் பட்டறைக்குள் விட மறுக்கிறார்கள். அந்த அம்மாவின் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. பள்ளிச் சேர்க்கை மேசையில் யாரும் அதைக் கேட்பதில்லையே! "எத்தனை மார்க்?" என்பதுதான் முதல் கேள்வி, அநேகமாகக் கடைசிக் கேள்வியும் அதுதான். 450க்கு மேலே பயோ மேத்ஸ், அதற்குக் கீழே கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்புறம் காமர்ஸ், அப்புறம் ஒகேஷனல், மிச்சப்பட்டது ஐடிஐ. எந்த அரசாணையிலும் இல்லாத இந்த வரிசை, பள்ளிக்குப் பள்ளி மனப்பாடம்.

கைத்தொழில் படிப்பு என்றால் நமக்கு ஏன் இத்தனை கூச்சம்? அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு, நியாயமான காரணம். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி அரை நேரம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். செருப்புத் தைப்பவர் மகன் செருப்பையும், சவரம் செய்பவர் மகன் கத்தியையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கட்டும் என்பதா என்று பெரியாரும் அண்ணாவும் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. எதிர்ப்பு வலுத்தது, 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் அந்தத் திட்டத்தையே தூக்கிப் போட்டார். எழுபது ஆண்டுகள் ஆகியும் அந்தத் தழும்பு ஆறவில்லை. கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குறைந்தபட்ச வயது 18 என்று இருந்ததை, கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளையைக் குடும்பத் தொழிலுக்கு இழுத்துவிடும் என்று தமிழ்நாடு ஏற்கவில்லை. மாநில அரசு தனியாகக் கொண்டுவந்த கைவினைத் திட்டத்தில் வயதை 35 என்று வைத்தார்கள்.

அந்தச் சந்தேகம் நமக்கு இருக்க வேண்டியதுதான். ஆனால் குலத்தொழிலும் ஐடிஐயும் ஒன்றல்ல. அப்பா எதைச் செய்தார் என்று ஐடிஐ கேட்பதில்லை. ஆடு மேய்த்தவர் பிள்ளையும், கோயில் குருக்கள் பிள்ளையும், டீக்கடைக்காரர் பிள்ளையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து வைஸில் இரும்பைக் கட்டி அராவுகிறார்கள். பிறப்பால் வந்த தொழிலை விட்டு வெளியே வருவதற்கு நம் ஊரில் திறந்த வாசல்களில் அதுவும் ஒன்று. நாம்தான் அதைத் தோற்றவர்கள் போகும் கொல்லைப்புற வாசலாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஓர் அரசு ஐடிஐயின் ஃபிட்டர் பிரிவில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முதலாண்டுப் பிள்ளைகள். ஆரம்ப மாதங்களில் அவர்களுக்கு அரம் பிடிப்பதுதான் வேலை. கையகல இரும்புப் பட்டையை வைஸில் கட்டி, ஒரு பக்கத்தைச் சமதளமாக அராவ வேண்டும். கேட்க எளிது. புதிதாக அரம் பிடிப்பவன் கையில் அரம் தராசு மாதிரி ஆடும்; நடுப்பகுதி மேடாக நிற்க, ஓரங்கள் தேய்ந்துவிடும். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும்தான் அழுத்தம், திரும்பி வரும்போது கூடாது. இதையே அந்த ஆசிரியர் ஒவ்வொரு பையனிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அராவி முடித்தவர்கள் மூலைமட்டத்தைப் பட்டையின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் வைஸ், மறுபடியும் அரம்.

அதில் தேறியவர்களுக்கு அடுத்து பொருத்து வேலை. ஒரு பட்டையில் சதுரமாகப் பள்ளம் வெட்ட வேண்டும், இன்னொன்றில் அதே அளவுக்கு மேடு. இரண்டையும் சேர்த்தால் வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும்; ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. அவர்கள் கையிலிருந்த வெர்னியர் அளவி 0.02 மில்லிமீட்டர்வரை காட்டும். பக்கத்து மேசையில் இரண்டாமாண்டுப் பையன் ஒருவன் சைன் பார் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள பார், 30 டிகிரி சாய்வு வர வேண்டும், அடியில் எத்தனை மில்லிமீட்டருக்கு ஸ்லிப் கேஜ் அடுக்குவது? சைன் 30 அரை, ஆக 50 மில்லிமீட்டர். பத்தாம் வகுப்பில் கணக்கில் என்ன மார்க் என்று கேட்டேன். "ஜஸ்ட் பாஸ் சார்" என்று சிரித்தான். முக்கோணவியலைக் கண்டு ஓடிய பையன்தான். கையில் இரும்பு இருந்தால் அது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

இதைப் படித்துவிட்டு, ஐடிஐ என்றாலே சொர்க்கம் என்று எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். எல்லா இடமும் இப்படி இல்லை. மிஷின் இருந்தால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இருந்தால் இரும்பு வாங்கப் பணம் இல்லை என்ற இடங்களும் உண்டு. முடித்துவிட்டு வெளியே வருபவனுக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் வேலை கிடைக்கும். ஆனால் முதல் சில ஆண்டுகள் அப்ரண்டிஸ், அப்புறம் கான்ட்ராக்ட் என்று ஓட்ட வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் "கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்" என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பேசுபவர் பிள்ளை பெரும்பாலும் பயோ மேத்ஸில் இருக்கும்.

பெற்றோர் பலர் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: இப்போது ஐடிஐக்கோ பாலிடெக்னிக்குக்கோ போய்விட்டால் பிள்ளைக்கு 'காலேஜ்' என்பதே முடிந்துவிடும் என்று. அது சரியில்லை. கணக்கைப் பாருங்கள். பத்து முடித்து பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு, மொத்தம் 6. பத்து முடித்து பாலிடெக்னிக் டிப்ளமோ 3 ஆண்டு. அதை முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கே 3 ஆண்டு; அதுவும் 6. ஐடிஐ வழியாகப் போனால்? இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக 2, 2, 3. மொத்தம் 7. ஓராண்டுதான் கூடுதல், அந்த ஓராண்டுக்குக் கைவேலை சொந்தமாகிவிடுகிறது. படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தாலும் அவன் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். பிளஸ் டூ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் அரியர் குவிந்து வெளியே வருபவன் கையில் அது இல்லை.

பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐடிஐ படித்து, தமிழ், ஆங்கில மொழித்தேர்வுகளையும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று தரத் தமிழ்நாடு அரசு வழி செய்திருக்கிறது. இது பல வீடுகளுக்குத் தெரியாது. ரயிலில் உதவி லோகோ பைலட் வேலைக்கு வெறும் பிளஸ் டூ போதாது. பத்தாம் வகுப்போடு குறிப்பிட்ட பிரிவுகளில் ஐடிஐ வேண்டும், அல்லது இன்ஜினியரிங் டிப்ளமோ, பட்டம் வேண்டும். 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை பத்து முடித்தவர்களையும் ஐடிஐ முடித்தவர்களையும் அப்ரண்டிஸாக எடுக்கிறது. எலக்ட்ரீஷியனோ வயர்மேனோ முடித்தவர் வயர்மேன் லைசென்ஸுக்கு விண்ணப்பித்து வாங்கிக்கொண்டால், வேலை கேட்டு யார் வாசலிலும் நிற்காமல் சொந்த ஊரிலேயே பிழைக்கலாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள், சைக்கிளும் சீருடையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. இரண்டும் கலைக் கல்லூரிக்கு மட்டுமானவை என்று நினைத்திருப்பவர்கள் ஏராளம். ஐடிஐக்கும் டிப்ளமோவுக்கும் உண்டு. 71 அரசு ஐடிஐகளில் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபாட், சிஎன்சி, மின்வாகனம் என்று புதிய பிரிவுகளையும் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் ஊர் ஐடிஐ அந்த 71-இல் இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள்.

இந்தப் பேச்சில் கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவை விட்டுவிட மனம் வரவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர். 1945-இல் அதே கோவையில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் உருவாகக் காரணமாக இருந்தார்; பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டே போதும் என்று வாதாடிப் பார்த்தார். அன்றைய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கல்லூரியை விட்டு விலகிக்கொண்டார். இரண்டு ஆண்டு போதுமா என்பதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஆனால் மிஷினைத் தொடாமலே மெக்கானிக்கல் பட்டம் வாங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

இப்போது அந்தப் பெண்ணுக்கு. அம்மா, உன் அப்பா இதைப் படிப்பார் என்றாய். அதனால் உன் பக்கம் மட்டும் பேச மாட்டேன். 461 மார்க் எடுத்த நீ மெக்கானிக்கல் டிப்ளமோ படிப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. 18 வயதில் வேலைக்குப் போகும் தகுதியோடு நிற்பாய். விருப்பம் இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பத்தோடு நீ வெளியே வந்தால் அந்தக் கணக்கில் வர மாட்டாய். கணக்கோடு கூடிய குரூப் எடுத்து, பிளஸ் டூவில் நல்ல கட்-ஆஃப் வாங்கினால், நல்ல கல்லூரி ஒன்றில் பைசா செலவில்லாமல் அதே மெக்கானிக்கல் படிக்க உனக்கு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டு பொறுக்க முடியுமா, இல்லை இப்போதே மிஷின் முன்னால் நிற்க வேண்டுமா? இதை நீதான் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்தான் என்று முடிவானால் முதல் செமஸ்டர் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் இந்த லீவிலேயே புரட்டிப் பார்த்துவிடு. தமிழ்வழியில் படித்துவிட்டுப் போகும் கெட்டிக்காரப் பிள்ளைகள் தடுமாறுவது அந்த இரண்டில்தான். அத்தைக்கு ஒரு சேதி: இரும்புக்கு ஆண், பெண் தெரியாது.

நாமக்கல் அம்மாவுக்கு: நகையை வைக்காதீர்கள். கணக்கும் இயற்பியலும் பையனுக்கு ஏறவில்லை என்றால் காசு கொடுத்து வாங்கிய ஃபர்ஸ்ட் குரூப்பிலும் ஏறப் போவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து இதைவிடப் பெரிய கூச்சம் காத்திருக்கும். பள்ளியில் சொன்ன ஒகேஷனலை உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1978-இல் பியூசியை எடுத்துவிட்டுப் பள்ளியிலேயே பிளஸ் டூ தொடங்கிய காலத்திலேயே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. வேளாண் அறிவியல், நர்சிங், மின் இயந்திரங்கள், அலுவலக மேலாண்மை என்று பல பாடங்கள். வேளாண் பிரிவு படித்தவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் தனியாக இடம் உண்டு; பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்பிரிவுக்காரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடத்துக்கு ஆள் போடாமல் விட்டதில் பல பள்ளிகளில் அந்தப் பிரிவே மூடப்பட்டுவிட்டது; இருக்கும் இடங்களில் சில பெயருக்கு நடக்கின்றன. அதனால் அந்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறைக் கூடம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஐடிஐயையும் அப்படியே. ஒரு வேலை நாளில் பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் இருக்கும் போர்டைப் பார்க்காமல் பட்டறைக்குள் போய், மிஷின்மேல் தூசி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பையன் முகத்தையும் பாருங்கள். ஒரு சங்கதி: எந்தப் பிரிவில் நின்று அவன் கேள்வி கேட்கிறான் என்பதை மார்க் ஷீட் உங்களுக்குச் சொல்லாது.

பிளஸ் ஒன் போவதென்று தீர்மானித்தவர்களுக்கும் சில வார்த்தைகள். உயிரியல் படிக்காமல் நீட் இல்லை, கணிதம் இல்லாமல் பொறியியல் கட்-ஆஃப் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டும் இருக்கட்டும் என்று பயோ மேத்ஸில் தள்ளுவது, பெற்றோருக்கு நிம்மதி, பிள்ளைக்குச் சுமை. எதுவும் தீர்மானமாகவில்லை என்றால் அதை எடுக்கலாம். தீர்மானமாகிவிட்ட பிள்ளையை அதில் போட்டு வதைப்பானேன்? அதிகம் பேசப்படாதவை வேறு. சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். சி.ஏ.வுக்கும் அப்படித்தான், காமர்ஸ் படித்தவர்களுக்குக் கொஞ்சம் சுலபம், அவ்வளவே. தேசிய பாதுகாப்பு அகாடமியில் ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பும் சரி, விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். பெண்களும் இப்போது எழுதுகிறார்கள். பி.ஆர்க். ஆசை இருக்கும் பிள்ளை கணிதத்தைக் கைவிடக் கூடாது. பத்து முடித்தே சேரக்கூடிய, ஆனால் யாரும் சொல்லாத இடங்களும் உண்டு: கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமோ, சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கைத்தறி, ஜவுளி டிப்ளமோ. நெசவு ஊர்க்காரர்கள்கூட இரண்டாவதைக் கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு விஷயத்தையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். 2017-18-இல் அதைக் கொண்டுவந்ததற்குக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததுதான். நீட், ஜேஇஇ இரண்டும் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. நம் பிள்ளைகள் பாதிப் பாடத்தோடு போய் உட்கார்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பதினைந்து, பதினாறு, பதினேழு என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்கு அநியாயச் சுமை. நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழைய வியாதி திரும்பி வந்துவிடலாம். ஜூலையிலேயே பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். பிளஸ் டூ புத்தகம் இருந்தால் பள்ளியில் போய்க் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ரிசல்ட் வந்த மறுநாளே செல்போனில் அழைத்து, "ஓராண்டு மெடிக்கல் லேப், ஓராண்டு ரேடியாலஜி, வேலை உத்தரவாதம்" என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இரண்டு அறை, வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகளின் படம், 'டிப்ளமோ' என்று போர்டு. பணம் கட்டுவதற்கு முன் எந்த அரசுத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரித்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் ஐடிஐ என்றால் நிறுவனத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. உங்கள் பிள்ளை சேரும் அந்தப் பிரிவுக்கு அனுமதி இருக்க வேண்டும். தட்டிக்கழித்துப் பதில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சேரப்போகும் இடம் உறுதியாகும்வரை அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் எங்கும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க அலைந்த கதைகளை நம் வாசகர்கள் ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறார்கள்.

சேர்ந்த பிறகு குரூப் ஒத்துவரவில்லை என்றால்? பள்ளி திறந்த முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசினால், இடம் இருக்கும் பட்சத்தில் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு கேட்டால் அவர் கையிலும் ஒன்றும் இருக்காது. பிள்ளை "புரியவில்லை" என்று ஜூன் கடைசியில் சொன்னால் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடாமல், என்ன புரியவில்லை என்று உட்கார்ந்து கேளுங்கள்.

தேறாத பிள்ளைகளின் வீட்டிலிருந்து எங்களுக்குக் கடிதம் வருவதே இல்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும். தேறாத பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறியதும் இந்த ஆண்டே பிளஸ் ஒன்னிலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம், ஓராண்டு வீணாகாது. வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐடிஐ பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால் அந்த வாசலும் திறந்துதான் இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டிய தேதியைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்; ரிசல்ட் வந்த கையோடு போனால் நல்லது, கடைசி நாளில் கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம் தாங்காது.

அடுத்த இதழில் எட்டுப் பக்கம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவரும், மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவரும் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்கள். கேள்வி அனுப்பும்போது மார்க்கோடு, லீவில் பிள்ளை தானாக எதைச் செய்துகொண்டிருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். செல்போன் பார்க்கிறது என்றால், அதில் என்ன பார்க்கிறது என்று.

அன்புடன்,
ஆசிரியர்